ஐந்தடிச் சுவரில் இரண்டு வாஷ்பேசின்: விளக்கும் அலமாரியும் எப்படி அமைய வேண்டும்?

பானஸ்வாடி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பானஸ்வாடியில் நாங்கள் 16 ஆண்டுகளாக வசித்துவரும் அடுக்ககத்தில், பெரிய குளியலறையை முழுவதுமாக உடைத்துப் புதுப்பிக்கும் வேலையை இந்த மாதம் தொடங்கியிருக்கிறோம். அறை 5 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்டது. கதவு நீளச் சுவரின் நடுவில் இருக்கிறது. அதற்கு எதிரே கம்மோடு, ஒரு கோடியில் குளிக்கும் இடம், மறு கோடியில் வாஷ்பேசின்.

காலை ஆறரை மணியிலிருந்து ஏழரை மணிக்குள் நானும் என் கணவரும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதே நேரத்தில்தான் என் மாமியாரும் பல் துலக்கி, கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தைக் கண்ணாடியைப் பார்த்துத் தாமே விட்டுக்கொள்வார். ஆகவே அந்த 5 அடிச் சுவரில் இரண்டு வாஷ்பேசின்களை ஒரே கல்லில் பதிக்க முடிவு செய்திருக்கிறோம். கல்லின் ஆழம் 18 அங்குலத்துக்கு மேல் போனால் கம்மோடுக்குப் போகும் வழி குறுகிவிடும்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். முதலாவது விளக்கு. கண்ணாடிக்கு மேலே சுவரின் முழு நீளத்துக்கும் ஒரே பட்டை விளக்கு போதும் என்கிறார் தச்சர். பழைய அமைப்பிலும் விளக்கு மேலேதான் இருந்தது. மாமியார் தலையை அண்ணாந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், குனிந்தால் கண்குழியில் நிழல் விழும். இரண்டாவது சாமான்கள். எண்ணெய், சோப்பு, சவரப் பொருட்கள், துண்டு, என் தலைவாரும் பொருட்கள் எல்லாவற்றையும் இரண்டு குழாய்களுக்கும் இரண்டு கழிவுநீர்க் குழாய்களுக்கும் நடுவில் எப்படி அடக்குவது? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

அல்சூர் கட்டடக் கலைஞர்

சகோதரிக்கு வணக்கம். விளக்குக்குப் போகுமுன் அளவைச் சரிபார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தச் சுவரில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வேலை இருக்கிறது. நீங்கள் சொல்லும் 5 அடி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு அளந்ததா, பின்பு அளந்ததா? சிமெண்ட் கலவையில் டைல்ஸ் பதித்தால் ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகமாகவே போய்விடும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 60 அங்குலச் சுவர் 58 அங்குலத்துக்குக் குறைவாகவும் ஆகலாம். ஒட்டும் பசையைப் பயன்படுத்தினால் இழப்பு பாதியாகும். ஆனால் அதற்குச் சுவர்ப் பூச்சு தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்க வேண்டும். எப்படியும் 58 என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இருவர் தோள் இடிக்காமல் பக்கத்தில் நிற்க, ஒரு பேசினின் மையத்திலிருந்து மற்றொன்றின் மையத்துக்குக் குறைந்தது 30 அங்குலம் தேவை. 58இல் 30ஐக் கழித்தால், இரு கோடிகளிலும் சுவருக்கும் பேசின் மையத்துக்கும் இடையே 14 அங்குலம் மிஞ்சும். 15 இருந்தால் நல்லது, 14இல் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் முழங்கை சுவரில் தட்டும். 16 அங்குல அகலமுள்ள, கல்லுக்கு அடியில் பதிக்கும் நீள்வட்ட பேசின்களாகத் தேர்ந்தெடுங்கள். கல்லின் மேல் உட்கார வைக்கும் கிண்ண வகை பேசின் பார்வைக்கு அழகுதான், ஆனால் உயரத்தில் ஐந்து அங்குலம் வரை கூடிவிடும் என்பதால் வயதானவருக்குச் சிரமம். சுற்றிலும் அழுக்குச் சேரும் இடமும் அதிகம்.

இனி விளக்கு. உங்கள் மாமியாரின் அனுபவத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து விழும் ஒளி நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் தங்கி, கண்குழியையும் மோவாயின் அடிப்பகுதியையும் இருளில் விட்டுவிடும். சொட்டு மருந்து விடவும் சவரம் செய்யவும் வெளிச்சம் வேண்டிய இடங்கள் அவைதான். முகத்தின் இரண்டு பக்கங்களிலிருந்தும், கண் மட்டத்தில், ஒரே அளவு ஒளி வந்தால் ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து ஒளி அழித்துவிடும். ஆகவே தச்சர் சொல்லும் மேல்பட்டையை முதன்மை விளக்காக வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

58 அங்குலத்தை இப்படிப் பிரிக்கலாம். இடக்கோடியில் 4 அங்குலம், பிறகு 20 அங்குல அகலத்தில் ஒரு கண்ணாடி, நடுவில் 10 அங்குலம், மறுபடி 20 அங்குலக் கண்ணாடி, வலக்கோடியில் 4 அங்குலம். இரு கோடிகளிலும் நடுவிலுமாக மூன்று செங்குத்து விளக்குகள், ஒவ்வொன்றும் 2 அடி நீளம். இந்தக் கணக்குப்படி எந்தக் கண்ணாடியின் முன் நின்றாலும் ஒரு விளக்கு முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 12 அங்குலத்திலும் மற்றொன்று 15 அங்குலத்திலும் இருக்கும். இந்தச் சிறு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. விளக்கு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் தொடங்கி 6 அடியில் முடியட்டும். வீட்டில் குட்டையானவர், நெட்டையானவர் இருவர் முகமும் அதற்குள் அடங்கிவிடும். ஒற்றைக் குமிழ் விளக்காக இருந்தால் யார் உயரத்துக்கு வைப்பது என்ற சிக்கல் வந்திருக்கும்.

ராமமூர்த்தி நகர் வாசகர்

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்: இரண்டாவது பேசின் உண்மையிலேயே வேண்டுமா? எங்கள் வீட்டிலும் இதே அளவுச் சுவர்தான். யோசித்துப் பார்த்தபோது, இருவர் ஒரே நேரத்தில் தண்ணீரைத் திறப்பது அரிது என்றும், ஒருவர் முகம் கழுவும்போது மற்றவருக்குத் தேவைப்படுவது கண்ணாடியும் வெளிச்சமும்தான் என்றும் தெரிந்தது. ஒரு பேசினை ஓரமாக வைத்து, மீதியைக் கல்லாகவே விட்டு, அதற்கு மேலும் முழுக் கண்ணாடி பதித்தோம். அடியில் பாதிக்கு மேல் இழுப்பறைகளாகவே கிடைத்தன. உங்கள் வீட்டில் மூவர் என்பதால் கணக்கு மாறலாம். இருந்தாலும் குழாய் வேலை தொடங்குமுன் ஒரு வாரம் காலை நேரத்தைக் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒயிட்ஃபீல்டு இல்லத்தரசி

சாமான் வைக்கும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு முறை பணத்தை இழந்திருக்கிறேன். நாலரை அடி அகலத்தில், ஆயத்தமாகச் செய்து விற்ற இரட்டை பேசின் அலமாரியை ஒரு கடையில் வாங்கி மாட்டினோம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் வலப்பக்கக் கதவின் அடிவிளிம்பு அப்பளம் போல உப்பியது. கதவைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளே மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்பதும், கழிவுநீர்க் குழாய் போவதற்காகத் துளைத்த இடத்தில் வெட்டுமுனை மூடப்படாமல் பஞ்சு போலக் கிடப்பதும் தெரிந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. மேல் தாளோ கொஞ்சமும் கெடாமல் பளபளப்பாகவே இருந்தது. தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் ஏறியிருக்கிறது.

ஆகவே தச்சரிடம் மூன்றைக் கேளுங்கள். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பலகையே வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் தரம் அது. எத்தனை நல்ல பலகையாக இருந்தாலும் வெட்டுமுனைகளுக்கும் குழாய்த் துளைகளின் உள்விளிம்புக்கும் ஒட்டுப்பட்டையோ நீர் புகாத பூச்சோ இருக்க வேண்டும். மாட்டிய பிறகு அந்த இடத்துக்குத் தூரிகை எட்டாது, ஆதலால் மாட்டும் முன்பே நீங்கள் நேரில் நின்று பாருங்கள். கீல்களும் திருகுகளும் எவர்சில்வராக இருக்கட்டும். பி.வி.சி. பலகை தண்ணீருக்குக் கெடாது என்பது உண்மைதான், ஆனால் கதவின் பாரத்தைத் தாங்கும் கீல் பக்கத்தில் திருகு நாளடைவில் தளர்ந்துவிடுகிறது.

அடுத்தது கல். கல்லின் அடிப்புறத்தில், முன்விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாட்டில் ஒரு மெல்லிய காடி இழுக்கச் சொல்லுங்கள். விளிம்பில் வழியும் நீர் அடிப்புறமாக ஊர்ந்து பலகைக்கு வராமல், அந்தக் காடியிலேயே நின்று சொட்டிவிடும். கல் அறுக்கும்போது செய்தால் சில நிமிட வேலை. பதித்த பிறகு முடியவே முடியாது. என் புதிய அலமாரியின் நெற்றிப்பலகை இன்றும் உலர்ந்திருப்பதற்கு இந்தக் காடியே காரணம். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும்தான். கறுப்புக் கிரானைட்டில் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை உப்புத் தடம் படிந்து தினமும் துடைக்க வேண்டியிருந்தது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 600ஐ உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. உங்கள் அடுக்ககத்து நீரின் அளவைச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: கழிப்பறை கழுவும் ஆசிட் போத்தலை பேசினுக்கு அடியில் பூட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மூடியிருந்தாலும் அதன் ஆவி கசிந்து, மூடிய அலமாரிக்குள் கீலையும் வால்வின் முலாமையும் அரித்துவிடும். அதற்கு வெளியே காற்றோட்டமான இடம் ஒதுக்குங்கள். மாமியாரின் மருந்தையும் குளியலறையில் வைக்க வேண்டாம். அங்குள்ள வெப்பமும் ஈரமும் மருந்துக்கு ஆகாது. படுக்கையறையில் வைத்து, காலையில் கையோடு எடுத்துச் செல்லட்டும்.

ஜீவன் பீமா நகர் மின் பொறியாளர் (ஓய்வு)

அம்மா, விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நம் கடைகளில் 'வெள்ளை' என்று கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) விளக்கைத்தான் கொடுப்பார்கள். அது நீலம் பாய்ந்த ஒளி. முகம் வெளிறித் தெரியும். 4000 கெல்வின் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இதமான மஞ்சள் ஒளி பிடிக்குமென்றால் 3000 வாங்கலாம், ஆனால் மூன்று விளக்குகளும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் முகத்தின் ஒரு பாதி வேறு நிறமாகத் தெரியும். அடுத்தது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண். சாதாரண விளக்குகளில் 80 இருக்கும். கண்ணாடி முன் வைப்பதற்கு 90க்கு மேல் தேடுங்கள். குறைந்த எண்ணுள்ள ஒளியில் சிவப்புதான் முதலில் மங்கும்; குங்குமத்தின் நிறமும் கண்ணின் சிவப்பும் சரியாகத் தெரியாது. கண் நோயுள்ளவர் தம் கண்ணைத் தாமே பார்த்துக்கொள்ளும் இடம் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம்.

எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் ஒளி தரும். 2 அடி விளக்கு 8 முதல் 10 வாட்டுக்குள் இருந்தால், மூன்றும் சேர்ந்து அந்தக் கோடிக்குத் தாராளமாகப் போதும். மூடி பால்வெள்ளையாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒளிப்புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் கண் கூசும். பேசினுக்கு அருகே தண்ணீர் தெறிக்கும் என்பதால் ஐ.பி. 44 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புள்ளதாகப் பாருங்கள். எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அந்த இரண்டாவது 4இன் பொருள். மின்பொருட்கள் விற்கும் எஸ்.பி. ரோடு கடைகளில் எரியவிட்டுக் காட்டச் சொல்லி, உங்கள் கையை அடியில் நீட்டித் தோலின் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்த்து வாங்குவதே சிறந்த சோதனை.

ஒட்டும் பட்டை விளக்கானால் அதற்கென்று மின்னழுத்தம் குறைக்கும் டிரைவர் தனியாக இருக்கும். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் அடைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. வெப்பத்தில் முதலில் பழுதாவது டிரைவர்தான்; அப்போது கண்ணாடியையே உடைத்து எடுக்க வேண்டி வரும். பொய்க்கூரையில் கை நுழையும் மூடி வைத்து அங்கே வையுங்கள். உள்ளேயே விளக்குப் பதித்த கண்ணாடி வாங்க விரும்பினால், விளக்குப் பகுதியை மட்டும் தனியே மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குளியலறையின் மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற காப்பு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். 16 ஆண்டு பழைய வீடு என்பதால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலே உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். முடி உலர்த்தும் கருவிக்கு இங்கே மின்முனை வைக்கவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் முனை அதைத் தாங்காது. 16 ஆம்பியர் முனை வைத்தாலும், இரண்டு பேசின்களுக்கு நடுவில் ஈரக் கையோடு அதைப் பிடிப்பது ஆபத்து. படுக்கையறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பானஸ்வாடி வாசகி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டாவது பேசின் வேண்டுமா என்று கேட்ட அன்பருக்கு: மாமியார் ஒரு பேசினில் நிதானமாகப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார், அவரை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை. அதனால் இரண்டும் இருக்கட்டும்.

டைல்ஸ்காரரிடம் கேட்டு அளந்ததில் 58 அங்குலமும் கால் பங்கும் கிடைக்கும் என்கிறார். ஆனால் தச்சருக்கும் எனக்கும் அந்த நடு 10 அங்குலத்தில்தான் கருத்து வேறுபாடு. அங்கே கல்லிலிருந்து கூரை வரை, 5 அங்குல ஆழத்தில் ஓர் ஒல்லியான அலமாரி செய்தால் சிறு சாமான் அத்தனையும் அடங்கும் என்கிறார். எனக்கும் அது ஆசையாகவே இருக்கிறது. விளக்கை அங்கிருந்து எடுத்து, கண்ணாடிகளுக்கு மேலே ஏற்றிவிட்டால் என்ன?

அல்சூர் கட்டடக் கலைஞர்

ஆசை நியாயமானதுதான், ஆனால் அந்த 10 அங்குலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். இரு கண்ணாடிகளுக்கும் பொதுவான ஒளி அங்கிருந்துதான் வருகிறது. அதை எடுத்துவிட்டால் இடப்பக்கம் நிற்பவரின் வலக் கன்னமும், வலப்பக்கம் நிற்பவரின் இடக் கன்னமும் இருட்டாகும். மேலும், சுவரிலிருந்து 5 அங்குலம் துருத்தி நிற்கும் பெட்டி, எதிர்க்கோடி விளக்கிலிருந்து சாய்வாக வரும் ஒளியையும் தடுத்துவிடும். கண்ணாடிக் கதவு வைத்த அலமாரிகளைச் சுவரில் மாட்டுவோருக்கும் இதே எச்சரிக்கைதான்: கண்ணாடி முன்னே வந்துவிட்டு விளக்கு பின்சுவரிலேயே தங்கிவிட்டால் ஒளி முகத்தை எட்டாது.

அந்த இடத்துக்குப் பதிலாக, கல்லுக்கு அடியில் இருக்கும் நடுப்பகுதியைப் பாருங்கள். 16 அங்குல பேசின்கள் இரண்டுக்கும் இடையே 14 அங்குலம் வெற்றிடம் இருக்கிறது. அங்கே பேசினும் இல்லை, வால்வும் இல்லை. தடுப்புப் பலகைகள் போக 12 அங்குல அகலத்தில் மூன்று இழுப்பறைகள் அமையும். மேலே சீப்பு, சவரப் பொருட்களுக்கு ஆழம் குறைந்தது. நடுவில் சோப்பு, பற்பசை. அடியில் எண்ணெய்ப் போத்தல்கள் நின்றபடியே இருக்க உயரமானது. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு பேசின்களின் கழிவுநீரும் ஒரே சுவர்த்துளையில் சேர வேண்டியிருந்தால், இணைப்புக் குழாய் இந்த நடுப்பகுதியின் பின்னால் படுக்கையாகப் போகும். அதைச் சுவரோடு ஒட்டி, போதிய சரிவோடு, 4 அங்குலத்துக்குள் அடக்கச் சொல்லிவிட்டால், 18 அங்குலக் கல்லுக்கு அடியில் இழுப்பறை ஓடும் 12 அங்குல நீளத் தண்டவாளம் தாராளமாக உட்காரும். இதைப் பிளம்பரும் தச்சரும் ஒரே நாளில் நேரில் நின்று பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் வேலை முடிந்த பிறகு மற்றவர் வந்தால் உங்கள் இழுப்பறை பாதியாகிவிடும்.

பேசின்களுக்கு நேர் அடியில் கதவு மட்டும் போதும். ஒவ்வொரு பேசினின் வால்வையும் கை நுழைத்து மூட முடிய வேண்டும். அதை மறைத்துப் பலகை அடிக்க விடாதீர்கள். அலமாரியின் அடிப்பலகை தரையிலிருந்து 10 அங்குலம் உயர்ந்து நிற்கட்டும், தரையைக் கழுவி விடும்போது நனையாது. கிரானைட்டின் பாரம் அதிகம் என்பதால், கல் தன் இரு முனைகளிலும் சுவரில் பதித்த இரும்பு ஆங்கிளின் மேல் உட்கார வேண்டும், அலமாரியின் மேல் அல்ல. துண்டும் கூடுதல் சாமான்களும் வைக்க, கம்மோடின் ஃபிளஷ் தொட்டிக்கு மேலே 7 அங்குல ஆழத்தில் ஓர் அலமாரி செய்யுங்கள். தொட்டியின் ஆழத்தைத் தாண்டாததால் தலையில் இடிக்காது. தச்சர் கேட்கும் கொள்ளளவு அங்கே கிடைத்துவிடும்.

கண்ணாடி ஒட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். புளித்த வாடை வரும் சிலிகான் பசை கண்ணாடியின் ரசத்தை அரித்துவிடும். கண்ணாடிக்கென்றே விற்கும் நடுநிலைப் பசையைக் கேளுங்கள். கண்ணாடியின் அடிவிளிம்பு கல்லைத் தொடாமல் இரண்டு, மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். தேங்கும் நீரில் நின்றால் கீழிருந்து ரசம் கறுக்கத் தொடங்கும்.

பானஸ்வாடி வாசகி

நேற்று மாலை நீங்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். பூச்சு வேலை முடியாத சுவரில் பழைய கண்ணாடியைச் சாய்த்து வைத்து, 2 அடி எல்.இ.டி. விளக்குகள் இரண்டை நீட்டிப்பு வயரில் எரியவிட்டு, நானும் கணவரும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். மாமியார் நடுவில் நின்று, மருந்துப் புட்டியை மூடியோடு கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கீழ் இமையை இழுத்தபோது உள்ளே இருக்கும் சிவப்பு வரைக்கும் தெரிகிறது என்றார். பிறகு ஒரு பக்க விளக்கை அணைத்ததும், 'அதையும் போடுங்கள்' என்று உடனே சொல்லிவிட்டார். தச்சரும் அருகிலேயே இருந்து பார்த்தார்; அதற்கு மேல் அலமாரியைப் பற்றி அவர் பேசவில்லை, தொட்டிக்கு மேலே உள்ள சுவரை அளக்கப் போய்விட்டார்.

பிளம்பரைச் சனிக்கிழமை காலை தச்சர் வரும் நேரத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன். சுவரில் 4 அடிக்கும் 6 அடிக்கும் பென்சிலால் கோடு போட்டு, மூன்று விளக்குகளின் இடத்தையும் குறித்துவிட்டேன். நாளை மின்பணியாளர் வயருக்குக் காடி வெட்டுகிறார்.